நியூயார்க்கில் மலிவாக ஓர் அறை: எந்த வழி யாருக்கு?

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் நியூயார்க்கைக் காட்டாமல் திருப்பி அனுப்ப மனம் வராது. நாங்கள் இருப்பது வர்ஜீனியாவின் ரிச்மண்டில். காரில் ஆறேழு மணி நேரம். விடியலில் கிளம்பி, சுதந்திர தேவி சிலையைப் பார்த்துவிட்டு இரவே திரும்புவதெல்லாம் வயதானவர்களை வைத்துக்கொண்டு நடக்காது. மூன்று இரவாவது தங்கியாக வேண்டும். அங்கேதான் கை கடிக்கும். செப்டம்பர், அக்டோபரில் நகரின் மையமான மான்ஹாட்டனில் நடுத்தரமான அறைக்கே ஓர் இரவுக்கு 300 டாலருக்கு மேல் கேட்பார்கள்.

2009-இலிருந்து ஏறக்குறைய வருஷத்துக்கு ஒருமுறை அந்த நகரத்துக்குப் போய்வருகிறோம். நாமே விலை சொல்லிக் கேட்கும் தளம், ஹோட்டல் பெயரை மறைத்து விற்கும் தளம், பெயரோடு தள்ளுபடி தரும் தளம், ஹோட்டலிடமே நேராக, ஆற்றுக்கு அந்தப் பக்கம் நியூ ஜெர்சியில் என்று எல்லா வழியிலும் அறை எடுத்திருக்கிறேன். எது மலிவு என்று மட்டும் பார்த்த வருஷங்களில்தான் அதிகம் திண்டாடினோம். இப்போதெல்லாம் கூட வருபவர்கள் யார் என்பதை முதலில் எழுதி வைத்துக்கொண்டு, அப்புறம்தான் விலையைத் திறந்து பார்க்கிறேன். இந்த ஒப்பீடும் அந்த வரிசையிலேயே போகிறது.

நாமே விலை சொன்ன காலம்

பிரைஸ்லைன் என்ற பயணப் பதிவுத் தளம் 1998-இல் வந்தது. "உங்கள் விலையை நீங்களே சொல்லுங்கள்" என்பதுதான் அதன் அடையாளம். நடிகர் வில்லியம் ஷாட்னர் விளம்பரத்தில் வந்து பேரம் பேசச் சொல்லிக்கொண்டே இருப்பார். ஏலம் என்று பலரும் சொல்வார்கள். உண்மையில் அது ஏலமில்லை. நம்மோடு போட்டி போட்டு இன்னொருவர் விலை ஏற்றுவதில்லை. நகரத்தின் எந்தப் பகுதி, எத்தனை நட்சத்திரம், எவ்வளவு தருவோம் என்ற மூன்றையும் சொல்லி, கார்டு எண்ணையும் கொடுத்துவிட வேண்டும். அந்த விலைக்கு ஒத்துக்கொள்ளும் ஹோட்டல் இருந்தால் அந்த நிமிஷமே பணம் எடுத்துக்கொண்டு, பிறகுதான் பெயரைச் சொல்வார்கள். திரும்பப் பெற முடியாது.

எங்கள் முதல் நியூயார்க் பயணம் அப்படித்தான். கல்யாணமான புதிது. இரவு பதினொரு மணிக்கு அடுப்பங்கரை மேசையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் உட்கார்ந்தோம். மான்ஹாட்டனின் நடுப்பகுதியான மிட்டவுனில் கிழக்குப் பக்கம், நான்கு நட்சத்திரம், 85 டாலர் என்று போட்டேன். இல்லை என்று வந்தது. அதே கோரிக்கையை மறுபடி போட 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும். ஆனால் பகுதியையோ நட்சத்திரத்தையோ மாற்றினால் உடனே இன்னொரு முறை கேட்கலாம். அதில் ஒரு சூட்சுமம் உண்டு. நான்கு நட்சத்திர ஹோட்டலே இல்லாத ஒரு பகுதியைக் கூடுதலாகச் சேர்த்தால், அங்கே அறை விழ வாய்ப்பே இல்லை. ஆனால் விலையை ஏற்றிக் கேட்க இன்னொரு வாய்ப்பு மட்டும் கிடைக்கும். அதை எங்கேயோ படித்து ஒரு காகிதத்தில் குறித்து வைத்திருந்தேன். 92 போட்டோம். இல்லை. இன்னொரு பகுதி சேர்த்து 98. இல்லை. "சரி, 105 போடு. இதுக்கும் வரலைன்னா தூங்கிடலாம்" என்றார் கணவர். பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு ஒரு பெயர் வந்தது. லெக்சிங்டன் அவென்யூ பக்கம், வெளியில் ஓர் இரவுக்கு 210 டாலர் என்று போட்டிருந்த ஹோட்டல். அன்றைக்கு இருந்த சந்தோஷம் இன்னும் நினைவிருக்கிறது.

அந்த வழி இப்போது இல்லை. விமான டிக்கெட்டுக்கு 2016-இல் நிறுத்தினார்கள். பிறகு ஹோட்டலுக்கும் இல்லாமல் போனது. கைபேசியில் நின்றபடி அறை எடுக்கிற காலத்தில் இத்தனை படி ஏறி இறங்க யாருக்கும் பொறுமை இல்லை. விலை கேட்கலாம் என்று பழைய ஞாபகத்தில் யாராவது சொன்னால், அது முடிந்த கதை என்று அறிந்துகொள்ளுங்கள். அதன் வாரிசாக நிற்பது பெயர் மறைத்த அறைதான்.

பெயர் மறைத்த அறை

பிரைஸ்லைனில் இதற்கு எக்ஸ்பிரஸ் டீல் என்று பெயர். ஹாட்வயர் என்ற இன்னொரு தளத்தில் ஹாட் ரேட். ஹாட்வயர் 2000-இல் சில அமெரிக்க விமான நிறுவனங்கள் சேர்ந்து தொடங்கியது. இப்போது எக்ஸ்பீடியா குழுமத்தின் கையில் இருக்கிறது. இரண்டு இடத்திலும் விலை கண்ணுக்குத் தெரியும், பெயர்தான் தெரியாது. பகுதி, நட்சத்திரம், விருந்தினர் மதிப்பெண், ஜிம் உண்டா, வைஃபை உண்டா என்பதெல்லாம் காட்டுவார்கள். பணம் கட்டிய பிறகு பெயர் வரும்.

ஹோட்டல்காரர்கள் ஏன் இப்படி விற்கிறார்கள்? இன்று இரவு காலியாகக் கிடந்த அறையை நாளைக்கு விற்க முடியாது. வாழைத்தாரைப் போல, அன்றைக்குப் போனால்தான் காசு. அதற்காக வெளியில் எழுதிய விலையையே குறைத்தால், ஏற்கெனவே முழு விலை கொடுக்கத் தயாராக இருந்தவரும் குறைந்த விலைக்கு வந்துவிடுவார். பெயரை மறைத்து விற்றால் அந்தக் கவலை இல்லை. பெயர் முக்கியம் என்று நினைப்பவர் முழு விலை தருவார்; விலை முக்கியம் என்பவர் பெயர் தெரியாமல் வாங்குவார். தள்ளுபடி உண்மையானதாக இருப்பதற்குக் காரணம் இதுதான். ஆள் பிடிக்கும் தந்திரமென்று ஒதுக்கிவிட வேண்டியதில்லை.

மிச்சம் எவ்வளவு? என் அனுபவத்தில், வெளியில் தெரியும் விலையிலிருந்து கால் பங்கு குறைவது சகஜம். ஞாயிறு இரவிலும், ஜனவரி, பிப்ரவரிக் குளிரிலும் அதற்கு மேலும் குறைந்திருக்கிறது. வால் ஸ்ட்ரீட் பக்கத்து ஹோட்டல்கள் வாரநாளில் அலுவலகக்காரர்களை நம்பி நடப்பவை, வாரக்கடைசியில் காலியாகும். சனி, ஞாயிறு மலிவாக வேண்டுமானால் முதலில் அங்கேதான் பார்ப்பேன். மாறாக, ஐ.நா. பொதுச்சபை கூடும் செப்டம்பர் வாரங்களிலும், நவம்பர் முதல் ஞாயிறு மாரத்தானின்போதும், டிசம்பர் விடுமுறையிலும் பெயரை மறைத்தாலும் விலை இறங்காது. காலி அறையே இல்லாதபோது தள்ளிவிட என்ன இருக்கிறது?

பெயர் மறைந்திருந்தாலும் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். அதே தளத்திலோ வேறு தளத்திலோ அதே தேதி, அதே பகுதி, அதே நட்சத்திரம் என்று வடிகட்டிப் பெயர் தெரிந்த பட்டியலைப் பக்கத்தில் திறந்து வையுங்கள். மறைத்த அறையின் மதிப்பெண் 8.2 என்றால், அதே 8.2 உள்ள ஹோட்டல்கள் அந்தப் பகுதியில் இரண்டோ மூன்றோதான் இருக்கும். செல்லப்பிராணி அனுமதி உண்டா, நீச்சல் குளம் உண்டா என்று ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தால் ஒன்று மிஞ்சும். அடித்துக் காட்டும் பழைய விலையும் ஒத்துப்போனால் ஏறக்குறைய உறுதி. இருந்தாலும், அந்த ஹோட்டல் விழாமல் வேறொன்று விழுந்தால் பரவாயில்லையா என்று கேட்டுக்கொண்டுதான் பணம் கட்ட வேண்டும். பிரைஸ்லைனில் பிரைஸ்பிரேக்கர் என்று இன்னொரு வகை இருக்கிறது. மூன்று ஹோட்டல்களின் பெயரைக் காட்டி, அதில் ஒன்று உறுதி என்பார்கள். மூன்றில் எது வந்தாலும் சம்மதம் என்றால் இது நல்ல பேரம். ஒன்று பிடிக்காவிட்டாலும் தொடாதீர்கள். பிடிக்காததே விழும் என்று எண்ணிக்கொண்டு முடிவெடுப்பது நல்லது.

பகுதிகளின் எல்லையையும் வரைபடத்தில் பெரிதாக்கிப் பாருங்கள். டைம்ஸ் ஸ்கொயர் என்று எழுதியிருக்கும். எல்லை பத்தாவது, பதினோராவது அவென்யூ வரை நீண்டிருக்கும். மான்ஹாட்டனில் தெற்கு வடக்காக இருபது தெரு நடந்தால் ஒரு மைல். கிழக்கு மேற்காக அவென்யூவுக்கு அவென்யூ தூரம் அதைவிட மிக நீளம். அங்கிருந்து சப்வே என்னும் சுரங்க ரயிலுக்கு நான்கு அவென்யூ நடக்க வேண்டியிருந்தால், முழங்கால் வலி உள்ளவருக்கு அது ஒரு பயணம்.

அந்த ஒரு கட்டில்

பெயர் மறைத்த அறையில் எனக்குக் கிடைத்த பெரிய பாடம் கட்டில் விஷயத்தில்.

2016-இல் அப்பா அம்மா முதல் முறையாக வந்திருந்தார்கள். முந்தைய வெற்றிகளின் தைரியத்தில் மிட்டவுனில் நான்கு நட்சத்திர அறை ஒன்றை நல்ல விலைக்கு எடுத்தேன். நாங்கள் இருவர், அவர்கள் இருவர். அறைக்குள் நான்கு பேர் தங்கலாம், இரண்டு பெரிய கட்டில் இருக்கும் என்று நானே நினைத்துக்கொண்டேன். மாலை ஐந்து மணிக்குப் போய் நின்றால், வரவேற்பில் இருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு ஒரு கிங் கட்டில் அறைதான் பதிவாகியிருக்கிறது, இரண்டு பேருக்கு" என்றாள். இரண்டு கட்டில் அறை எல்லாம் போய்விட்டது. மடக்குக் கட்டில் போடத் தீயணைப்பு விதி இடம் கொடுக்காது என்றாள். இன்னொரு அறை வேண்டுமானால் அன்றைய விலை, 389 டாலர்.

அம்மா அறைக் கதவைத் திறந்து உள்ளே பார்த்துவிட்டு, "ஏம்மா, இந்த ஒரு கட்டில்ல யாரு படுக்கிறது?" என்றாள். அப்பா ஒன்றும் சொல்லாமல் ஓரத்தில் உட்கார்ந்து ஷூவைக் கழற்ற ஆரம்பித்தார். எழுபது வயது. "நான் கீழேயே போர்வையை விரிச்சுப் படுத்துக்கிறேன்மா, பழக்கம்தானே" என்றார். அந்த வார்த்தையைக் கேட்டதும் நான் கீழே போய் 389 டாலர் கட்டினேன். மிச்சம் பிடித்தது அத்தனையும் அதிலேயே போய், மேலும் இருநூறு டாலர் கைவிட்டுப் போனது.

தவறு தளத்தின் மேல் இல்லை. பெயர் மறைத்த அறை இரண்டு பெரியவர்களுக்குத்தான் உறுதி. கட்டில் வகை, செக்-இன் நேரத்தில் இருப்பதைப் பொறுத்தது என்று நிபந்தனையில் எழுதியிருந்தது. நான் படிக்கவில்லை. இப்போது சில அறைகளுக்குக் கட்டில் வகையைக் காட்டி விற்கிறார்கள். காட்டியிருந்தால் சரி. காட்டாவிட்டால், ஒரே கட்டில், இரண்டு பேர் என்று வைத்துக்கொண்டு எடுங்கள். மூன்று நட்சத்திரத்துக்குக் கீழே இறங்கினால் இன்னொன்றும் உண்டு: நியூயார்க்கில் நூறு சதுர அடியை ஒட்டிய மிகச் சிறிய அறைகளாகவே கட்டிய ஹோட்டல்கள் பல. சிலவற்றில் ரயில் பெர்த் போல அடுக்குக் கட்டில். தனியாகப் போகும் இருபத்தைந்து வயதுக்காரருக்கு அது போதும். மேல் தட்டில் அம்மாவை ஏற்ற முடியாது.

இன்னும் சில: இப்படி எடுத்த அறைக்கு, ஹோட்டல் சங்கிலிகள் தங்கள் உறுப்பினர்களுக்குத் தரும் புள்ளிகள் பொதுவாகச் சேராது. தேதியை மாற்ற முடியாது. விசா நேர்காணல், கான்சுலேட் வேலை, மருத்துவமனை என்று தேதி தள்ளிப்போகக்கூடிய காரியத்துக்காகப் போகிறவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம். விமான டிக்கெட்டுக்கு 24 மணி நேரத்துக்குள் கேன்சல் செய்ய அமெரிக்க விதி இருக்கிறதே, ஹோட்டலுக்கும் இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த விதி விமானத்துக்கு மட்டும்தான்.

பெயர் தெரிந்த அறை

அடுத்தது, எல்லோரும் பயன்படுத்தும் வழி. பெயர், படம், விமர்சனம், கட்டில் எல்லாம் தெரியும். கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தால் கேன்சல் செய்யும் உரிமையும் கிடைக்கும்.

இங்கே முதலில் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். பத்துத் தளத்தில் ஒப்பிட்டேன் என்று சொல்பவர்கள் பெரும்பாலும் இரண்டு கடையில்தான் ஒப்பிட்டிருப்பார்கள். எக்ஸ்பீடியா, ஹோட்டல்ஸ் டாட் காம், ஆர்பிட்ஸ், டிராவலாசிட்டி, ஹாட்வயர் எல்லாம் ஒரே குழுமம். புக்கிங் டாட் காம், பிரைஸ்லைன், அகோடா, கயாக் இன்னொரு குழுமம். பிரைஸ்லைன் 2005-இல் புக்கிங்கை வாங்கியது. வாங்கியது வளர்ந்து தாயையே மிஞ்சியதால், 2018-இல் குழுமத்தின் பெயரே புக்கிங் ஹோல்டிங்ஸ் ஆனது. ஆகவே ஒவ்வொரு குழுமத்திலும் ஒரு தளம், கூடவே கூகுளின் ஹோட்டல் தேடல், ஹோட்டலின் சொந்தத் தளம். இந்த நான்கைப் பார்த்தால் போதும். அதற்கு மேல் தேடுவது நேரத்துக்குக் கேடு.

"இந்த விலையில் ஒரே ஓர் அறைதான் பாக்கி", "இப்போது பன்னிரண்டு பேர் பார்க்கிறார்கள்" என்று சிவப்பில் எழுதி அவசரப்படுத்துவதற்கும் அசரக் கூடாது. ஓர் அறை பாக்கி என்றால் அந்தத் தளத்திடம், அந்த விலையில் பாக்கி என்று பொருள். ஹோட்டல் நிரம்பிவிட்டது என்று பொருளில்லை. பிரிட்டனின் போட்டி ஆணையம் இந்த மாதிரி நெருக்கடி விற்பனையை விசாரித்து, 2019-இல் எக்ஸ்பீடியா, புக்கிங் டாட் காம் உட்பட ஆறு தளங்களிடம் மாற்றிக்கொள்வதாக உறுதி வாங்கியது. இந்த அவசரத்தில் விழுந்து, கேன்சல் செய்ய முடியாத விலையை எடுத்துவிட்டு வருந்துபவர்களை நான் நிறையப் பார்க்கிறேன். ஒரு மூச்சு விட்டு, மறுபடி பாருங்கள்.

கேன்சல் உரிமையோடு எடுத்த அறைக்கு நான் கொடுக்கும் மதிப்பு மிகப் பெரியது. மனம் மாறினால் விட்டுவிடலாம் என்பதற்காகச் சொல்லவில்லை. அந்த உரிமையே ஒரு மலிவு அறைக்கு வழி. பயண தேதி தெரிந்த அன்றே, இரண்டு மாதம் முன்பானாலும், கேன்சல் செய்யக்கூடிய நல்ல அறை ஒன்றை எடுத்து வைத்துவிடுவேன். வாரம் ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை காலை காபியோடு, அதே ஹோட்டலை அதே தேதிக்கு மறுபடி தேடுவேன். விலை இறங்கியிருந்தால் புதிதாக எடுத்துவிட்டு, உறுதிக் கடிதம் மின்னஞ்சலில் வந்த பிறகு பழையதை விடுவேன். வரிசை முக்கியம்: எடுத்த பிறகுதான் விட வேண்டும். போன வருஷம் இப்படி இரண்டு முறை மாற்றியதில் மூன்று இரவுக்குச் சேர்த்து 140 டாலர் குறைந்தது.

நானும் கணவரும் மட்டும் போகும்போது இதோடு பெயர் மறைத்த அறையையும் சேர்த்துக்கொள்வோம். கேன்சல் கெடு முடிவதற்கு முந்தைய நாள் மறைத்த விலைகளைப் பார்ப்பேன். பெரிய வித்தியாசம் இருந்தால் அதை எடுத்துவிட்டு, கையிலிருப்பதை விடுவேன். இல்லாவிட்டால் கையிலிருப்பதே நல்ல அறைதான். வலை கட்டிவிட்டுக் கம்பியில் நடப்பது போல. கெடு என்பது ஹோட்டல் இருக்கும் ஊரின் நேரப்படி. சிலது முந்தைய நாள் மாலை நான்கு மணி, சிலது மூன்று நாள் முன்பு. உறுதிக் கடிதத்தில் இருப்பதைக் கைபேசிக் காலண்டரில் அன்றே ஏற்றிவிடுங்கள்.

கடைசி வரியில் இருக்கும் விலை

எந்த வழியானாலும், முதலில் தெரியும் எண்ணை வைத்து ஒப்பிட்டால் ஏமாறுவோம். நியூயார்க் நகரில் ஹோட்டல் அறைக்கு விற்பனை வரியும் தங்கும் வரியும் சேர்ந்து 14.75 சதவீதம், அதற்கு மேல் ஓர் இரவுக்கு மூன்றரை டாலர். 180 டாலர் அறை 210 டாலர் ஆகும். அதோடு பல ஹோட்டல்களில் வசதிக் கட்டணம் என்று ஒன்று உண்டு. ஜிம்முக்கும் வைஃபைக்கும் கீழே கடையில் காபிக்கும் என்று காரணம் சொல்லி, ஓர் இரவுக்கு 30, 40 டாலர் கட்டாயமாக வாங்குவார்கள். 35 டாலர் என்று வைத்துக்கொண்டால் அதற்கும் வரி சேர்ந்து அதே அறை 250 டாலர். 180-க்கும் 250-க்கும் எவ்வளவு தூரம்!

முன்பெல்லாம் இந்தக் கட்டணம் வரவேற்பு மேசையில்தான் தெரியவரும். பெயர் மறைத்த அறையில் இது இன்னும் கொடுமை, எந்த ஹோட்டல் என்றே தெரியாதபோது எப்படிக் கணக்குப் போடுவது? அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையத்தின் விதி 2025 மே 12 முதல் நடைமுறைக்கு வந்தது. கட்டாயக் கட்டணம் எல்லாவற்றையும் சேர்த்த விலையை முதலிலேயே காட்ட வேண்டும். வரியைத் தனியாக வைக்கலாம். ஒப்பிடுவது இதனால் எவ்வளவோ எளிதாகிவிட்டது. ஆனாலும் பணம் கட்டும் பக்கத்தின் கடைசி வரி வரை போய், அந்த எண்ணைக் காகிதத்தில் எழுதித்தான் ஒப்பிடுகிறேன்.

செக்-இன் செய்யும்போது கார்டில் பிடித்து வைக்கும் முன்பணம் வேறு. ஓர் இரவுக்கு 50, 100 டாலர் என்று பிடித்து, கிளம்பிய பிறகு விடுவிப்பார்கள். டெபிட் கார்டு கொடுத்தால் வங்கிக் கணக்கிலிருந்தே அந்தப் பணம் சில நாள் முடங்கும். கிரெடிட் கார்டையே கொடுங்கள்.

ஹோட்டலிடமே நேராக

நேராகப் போனால் விலை கூடுதல் என்பது பழைய எண்ணம். மாரியட், ஹில்டன் போன்ற பெரிய சங்கிலிகள் இலவச உறுப்பினர்களுக்குத் தங்கள் தளத்தில் கொஞ்சம் குறைத்தே கொடுக்கின்றன. தளங்களுக்குத் தரும் கமிஷன் அவர்களுக்கு மிச்சம். ஏஏஏ வாகன சங்க அட்டை இருந்தால் இன்னும் கொஞ்சம் குறையும். விலை சமமாகவோ பத்து டாலர் கூடுதலாகவோ இருந்தால் நான் யோசிக்காமல் நேராகத்தான் எடுப்பேன். ஏதாவது சிக்கல் வந்தால் பேச ஒரே ஆள்தான். தளத்தில் எடுத்திருந்தால், ஹோட்டல் தளத்தைக் கேள் என்னும், தளம் ஹோட்டலைக் கேள் என்னும்.

கூகுளில் ஹோட்டல் பெயரைத் தேடும்போது முதலில் வரும் விளம்பரம் ஹோட்டலின் தளம்தானா என்று முகவரியைப் பாருங்கள். ஹோட்டல் பெயரைத் தலையில் ஒட்டிக்கொண்டு, சேவைக் கட்டணம் வைத்து விற்கும் இடைத்தரகர்களும் உண்டு.

கடைசி நேர ஆப்களில் ஹோட்டல்டுநைட் தெரிந்த பெயர். வீடுகளை வாடகைக்கு எடுத்துத் தரும் ஏர்பிஎன்பி 2019-இல் அதை வாங்கியது. முதுகுப்பையோடு தனியாகப் போகிறவருக்கு அன்றைய மாலை நல்ல விலை கிடைக்கலாம். நான்கு பெட்டியும் இரண்டு பெரியவர்களுமாக இருப்பவர் மாலை வரை காத்திருக்க முடியாது. ஏர்பிஎன்பி வீடு எடுக்கலாமே என்றால், 2023 செப்டம்பரிலிருந்து நியூயார்க் நகரம் அதைக் கடுமையாக்கிவிட்டது. 30 நாளுக்குக் குறைவாக விடுவதென்றால் வீட்டுக்காரர் பதிவு செய்திருக்க வேண்டும், கூடவே தங்கியிருக்க வேண்டும், விருந்தினர் இரண்டு பேருக்கு மேல் கூடாது. குடும்பத்தோடு போகிறவர்களுக்கு அந்தக் கதவு ஏறக்குறைய அடைத்த மாதிரிதான்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம்

எந்தத் தளம் என்பதைவிட எந்தக் கரை என்பது அதிகம் மிச்சம் பிடிக்கும். நியூ ஜெர்சியின் ஜெர்சி சிட்டி, வீஹாக்கன், செகாகஸ் ஆகிய ஊர்களில் அதே தரமான, அதைவிடப் பெரிய அறை குறைந்த விலைக்குக் கிடைக்கும். செகாகஸ் பக்கம் காரை நிறுத்தவும் இடம் தருவார்கள். நாங்கள் காரில் போகிறோம் என்பதால் இது பெரிய விஷயம். மான்ஹாட்டனில் இரவு நிறுத்தக் கட்டணமே 50 டாலருக்கு மேல் போகும். 2025 ஜனவரி 5 முதல் 60-ஆம் தெருவுக்குத் தெற்கே கார் நுழைந்தால் பகலில் 9 டாலர் நெரிசல் கட்டணம் வேறு.

ஆனால் பயணச் செலவைக் கணக்கில் சேர்க்க வேண்டும். ஜெர்சி சிட்டியிலிருந்து, ஆற்றைக் கடந்து போகும் பாத் (PATH) ரயிலில் உலக வர்த்தக மையத்துக்குச் சில நிமிஷம்தான். ஒரு தலைக்கு ஏறக்குறைய 3 டாலர், சப்வேயில் மாறினால் மறுபடி 3 டாலர். நான்கு பேர் போய்வர ஒரு நாளைக்கு 48 டாலர். ஓர் அறையில் 40 டாலர் மிச்சமென்றால் அந்தக் கணக்கு நஷ்டத்தில்தான் முடியும். 100 டாலர் மிச்சமென்றால் போகலாம். ஜர்னல் ஸ்கொயர் பக்கம் நியூவார்க் அவென்யூவில் இறங்கினால் இட்லி, தோசைக்கு அலைய வேண்டாம் என்பதையும் நம் வீட்டுப் பெரியவர்களுக்காகச் சேர்த்துக்கொள்ளலாம்.

நகரத்துக்குள்ளேயே குவீன்ஸில் லாங் ஐலண்ட் சிட்டியும் உண்டு. ஆற்றைத் தாண்டினால் மிட்டவுன். 7, ஈ, என் என்று பல ரயில்கள். ஒரே சப்வே கட்டணத்தில் எங்கேயும் போகலாம். இரண்டு கட்டில் அறைகள் மான்ஹாட்டனைவிட அங்கே எளிதாகக் கிடைக்கின்றன. அதே 7 ரயிலில் எதிர்த்திசையில் போனால் ஃபிளஷிங். போவ்ன் தெருவில் 1977-இல் கும்பாபிஷேகம் ஆன பிள்ளையார் கோயில், அதன் அடித்தளத்தில் தோசை போடும் கேன்டீன். என் அம்மாவுக்கு டைம்ஸ் ஸ்கொயர் விளக்கு மறந்துவிட்டது. அந்தத் தோசை மறக்கவில்லை.

நான் இப்போது செய்வது

தனியாகவோ கணவரோடு மட்டுமோ போனால்: கேன்சல் உள்ள அறை ஒன்றைப் பிடித்து வைத்து, கடைசி நாளில் பெயர் மறைத்ததைப் பார்ப்பேன். மதிப்பெண் 8-க்கு மேல், மூன்றரை நட்சத்திரத்துக்கு மேல், சப்வே பக்கம். இந்த மூன்றும் இருந்தால் பெயரைப் பற்றிக் கவலையில்லை.

சிறு குழந்தையோடு மூன்று பேர் போனாலும் பெயர் மறைத்ததை எடுக்க மாட்டேன். பெயர் தெரிந்த, கட்டில் தெரிந்த அறை மட்டும். வேலைக்காகப் போகும் நண்பர்களுக்கு நேராக எடுக்கவே சொல்வேன். தேதி மாறும், ரசீது வேண்டும், புள்ளி சேரும்.

பெரியவர்களோடு என்றால் எனக்கு இரண்டாம் யோசனை கிடையாது. ஹோட்டலின் சொந்தத் தளத்தில், இரண்டு குவீன் கட்டில் என்று பெயரிலேயே உள்ள அறை, கேன்சல் உரிமையோடு. மான்ஹாட்டனில் கட்டுப்படியாகவில்லை என்றால் லாங் ஐலண்ட் சிட்டி. பக்கத்து சப்வே நிலையத்தில் லிஃப்ட் இருக்கிறதா என்று பார்த்துவிடுவேன், நியூயார்க்கின் பழைய நிலையங்கள் பலவற்றில் படிக்கட்டு மட்டும்தான். கிளம்புவதற்கு முந்தைய நாள், தலைமை எண்ணுக்கு இல்லாமல் அந்த ஹோட்டல் வரவேற்புக்கே தொலைபேசி செய்து, "இரண்டு கட்டில்தானே, வயதானவர்கள் வருகிறார்கள், லிஃப்டுக்குப் பக்கத்தில் அறை கிடைக்குமா" என்று கேட்பேன். எதிர்முனையில் பேசியவரின் பெயரைக் குறித்துக்கொள்வேன்.

வருகிற அக்டோபருக்கு அப்படித்தான் பிடித்து வைத்திருக்கிறேன். வரி எல்லாம் சேர்த்து ஓர் இரவுக்கு 262 டாலர். அதே வாரத்துக்கு மிட்டவுனில் பெயர் மறைத்த அறை 205 டாலருக்குத் தெரிகிறது. கட்டில் வகை எழுதவில்லை. அந்தப் பக்கத்தை மூடிவிட்டேன். கேன்சல் கெடு புதன்கிழமை மாலை நான்கு மணி. அதுவரை ஞாயிறுதோறும் லாங் ஐலண்ட் சிட்டி விலையை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பேன்.